மிஸ்டர் பீம்ராவ்

"இன்னாசி ஈஸ் லேஸி. இன்னாசி ஈஸ் டர்ட்டி. இன்னாசி ஈஸ்…" பீம்ராவ் அடுத்த சொல்லைத் தேடி மின்விசிறியைப் பார்த்தார். "மிஸ், ஓசியில துன்றவனுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

"க்ரீடி," என்றாள் சாரா, மனமில்லாமல்.

"ஆங். வெரி க்ரீடி. என் டிபன் பாக்ஸ்ல முட்டை கீதுன்னா எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரியும் மிஸ்."

வகுப்பு சிரித்தது. இன்னாசி சிரிக்கவில்லை.

தண்டையார்பேட்டையில் ஒரு கிடங்கின் மாடி. துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுபவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் அங்கே ஆங்கில வகுப்பு. பாடம் எடுக்கும் சாரா பாளையங்கோட்டைக்காரி; சென்னைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது.

அன்றைக்கு மனிதர்களின் குணத்தைச் சொல்லும் சொற்கள். கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து, நல்ல குணத்துக்கு இடது பக்கம், கெட்ட குணத்துக்கு வலது பக்கம் என்று ஒதுக்கியிருந்தாள். முதலில் டீச்சரான தன்னைப் பற்றியே அவர்களைச் சொல்லச் சொன்னாள். கைண்ட், பேஷன்ட், பொலைட், பங்க்சுவல் என்று மளமளவென்று வந்தன. வலது பக்கத்துக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. சாரா பெருமையை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி. அதில்தான் பீம்ராவ் இப்படி ஆரம்பித்திருந்தார்.

"போதும் அண்ணாச்சி. இப்ப இன்னாசி அண்ணாச்சி சொல்லட்டும்."

இன்னாசி எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மிஸ்டர் பீம்ராவ் ஈஸ் ஹானஸ்ட். மிஸ்டர் பீம்ராவ் ஈஸ் பொலைட். மிஸ்டர் பீம்ராவ் ஈஸ் எ ஜென்டில்மேன்."

ஜென்டில்மேன் குணத்தைச் சொல்லும் சொல் அல்ல, ஆளைச் சொல்லும் சொல் என்று சாராவுக்குள் இருந்த இலக்கணம் முனகியது. இந்த ஒரு தடவை போகட்டும் என்று அதையும் இடது பக்கம் எழுதினாள். எழுதிவிட்டுக் கைதட்டினாள்.

வேறு யாரும் தட்டவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா பீம்ராவ் அண்ணாச்சி? நீங்க அவரை அவ்வளவு சொல்லியும், அவர் உங்களை எப்படிச் சொல்றார் பாருங்க. கத்துக்கணும்."

பீம்ராவ் எழுந்து வெளியே போனார். உறைத்துவிட்டது என்று சாரா நினைத்துக்கொண்டாள்.

டீ இடைவேளையில் போய்ப் பார்த்தால், மாடிப்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னை மிஸ்டர்னுட்டான் மிஸ்."

"மரியாதைதானே அண்ணாச்சி?"

"அதான் மிஸ் பேஜாரு. சேர்ந்து வண்டி ஓட்ட ஆரம்பிச்ச நாள்லேர்ந்து டேய் சோமாரின்னு திட்டிதான் கூப்டுவான். எங்க நைனா செத்தப்ப, நா சாப்புடாம குந்திகினு இருந்தேன். 'எந்திரிச்சு வந்து துன்னுடா சோமாரி'ன்னு அவன்தான் ஊட்டிவுட்டான். ஒரு வாரமா அந்த வார்த்தை இல்ல. 'வாங்க', 'போங்க'ன்றான். எங்க ஆளு மரியாதை குடுத்தான்னா உன்னை தலை முழுகிட்டான்னு அர்த்தம் மிஸ்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"தெரியலையே. வெள்ளிக்கிழமை எம்பொண்ணு செங்கொடிக்குக் கல்யாணம். மாமனா மேடையில நின்னு மாலை எடுத்துக் குடுக்க வேண்டியவன் அவன். இப்ப வருவானான்னே தெரியல."

சாரா மேலே வந்தாள். கரும்பலகையைப் பார்த்தாள்.

"இன்னாசி அண்ணாச்சி, வலது பக்கம் இருக்கிறது எல்லாம் உங்களைப் பத்தித்தான். பீம்ராவைப் பத்தி ஒரு கெட்ட குணமாவது சொல்லுங்க."

"அவரைப் பத்தி அப்டி ஒண்ணும் இல்ல மிஸ்."

"ஒண்ணுகூடவா?"

இன்னாசி பொறுக்க முடியாமல் பலகையைப் பார்த்தே பேசினார்.

"கல்யாணப் பத்திரிகைய என் வண்டி சீட்டுல வெச்சிட்டுப் போயிருக்காரு மிஸ். கவர் மேல இன்னா எழுதிருக்குது தெரியுமா? 'உயர்திரு இன்னாசி அவர்கள்'. நா உயர்திருவா? அந்தப் பொண்ணு காது குத்தறப்ப எம்மடியில குந்திகினு அழுதுது. எனக்கு அவர்களா?"

கதவருகே நின்றிருந்த பீம்ராவ் தலையில் அடித்துக்கொண்டார்.

"டேய், எழுத்து அழகா கீதேன்னு மாப்ள தம்பியாண்ட குடுத்தேன்டா. அவன் எல்லாத்துக்கும் உயர்திரு போட்டுட்டான். நா படிக்கவே இல்லடா."

"படிக்காமயா குடுத்த?"

"நீ வண்டிய வுட்டுட்டு துன்னப் போயிருந்த. மறந்துறப் போறேன்னு வெச்சிட்டுப் போனேன்."

இன்னாசி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாராவிடம் திரும்பினார்.

"எழுதிக்கங்க மிஸ். பீம்ராவ் ஈஸ் ஸ்டுப்பிட். பீம்ராவ் ஈஸ் கேர்லெஸ். பீம்ராவ் ஈஸ்… மிஸ், சோமாரிக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

"தேங்க்ஸ்டா," என்றார் பீம்ராவ்.

"வெள்ளிக்கிழமைக்கு எனக்கு வேட்டி எடுத்தியா இல்லியாடா, சோமாரி?"

இப்போது வகுப்பு முழுவதும் கைதட்டியது.

ஸ்டுப்பிட் என்று எழுத வலது பக்கம் போன சாராவின் கை நின்றது. கோட்டைத் தாண்டி வந்து இடது பக்கத்தில் எழுதினாள். அதற்கு மேலே அவளைப் பற்றி அவர்கள் சொன்ன சொற்கள் இன்னும் இருந்தன: கைண்ட், பேஷன்ட், பொலைட், பங்க்சுவல்.

சாரா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னைப் பத்தி ஒருத்தரும் கெட்டதா ஒண்ணும் சொல்லலையே," என்றாள், குரல் இறங்கி.

கடைசி பெஞ்சிலிருந்து, எல்லோரிலும் மூத்த டிரைவர் தேசப்பன் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"ஒண்ணு கீது மிஸ். கோச்சுக்க மாட்டியே?"

"மாட்டேன். சொல்லுங்க."

"மிஸ் ஈஸ் வெரி போரிங்."

சாரா இடது பக்கத்தில் இருந்த தன் நாலு சொற்களையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அதைப் பெரிதாக எழுதினாள்.