என்னை நம்பாதீங்க சார்

வெயில் மேசைமேல் பாதி தூரம் வந்துவிட்டது. தேசிய இணையப் பாதுகாப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண் தொலைபேசியை இரு கைகளாலும் பிடித்திருக்கிறாள். ஓர் ஊரின் குடிநீர் நிலையத்தில் குளோரின் அளவைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள் எவனோ நுழைந்துவிட்டான். “சார், நெட்வொர்க் கேபிளை உடனே கழற்றிடுங்க.” அங்குள்ள பொறியாளர் சிரிக்கிறார். “நேத்து பேங்க்குன்னு சொன்னீங்க, இன்னிக்கு கவர்மென்ட்டா? வேற ஆளைப் பாரும்மா.” “என்னை நம்பாதீங்க சார். உங்க சுவத்துல எங்க ஆபீஸ் எச்சரிக்கை போஸ்டர் இருக்கும். அந்த நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.” அவர் இணைப்பைத் துண்டிக்கிறார். “தெரியாதவங்க பேசினா வச்சிடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னதே நாமதானே,” என்கிறாள் பக்கத்து மேசை அக்கா. இவளுக்குக் கோபம் வரவில்லை. குவளைத் தண்ணீரில் வெளிச்சம் லேசாக ஆடுகிறது. தொலைபேசி மணி அடிக்கிறது. “நான்தாம்மா.” பொறியாளருக்கு மூச்சிரைக்கிறது. “எதைக் கழற்றணும், நீலமா மஞ்சளா?”