கண் படாத பிள்ளை

"பேசுவானா?" என்று கேட்டாள் டாக்டர் இனாயத்.

"இல்லை, டாக்டரம்மா," என்றாள் உம்மு ஷஹ்ஹாத், அதாவது ஷஹ்ஹாதின் தாய்.

"பந்தைக் காட்டினா ஓடிப்போய் எடுத்துட்டு வருவானா?"

"எங்கேருந்து? எதுக்கும் லாயக்கில்லாத பிள்ளை."

முகமெல்லாம் கரியோடு மூன்று வயது ஷஹ்ஹாத் தாயின் கறுப்பு அங்கியைப் பிடித்துக்கொண்டு ஒண்டி நின்றான். டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை முளையிலேயே கண்டுபிடிக்கத்தான் அவள் எகிப்தில் சோஹாக் நகரத்துப் பக்கம் இந்தக் கிராமத்துக்கு வந்திருந்தாள். இவர்களோ எல்லாம் முற்றிய பிறகு கூட்டி வருகிறார்கள்.

"இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க, உம்மு ஷஹ்ஹாத்? ஒரு வயசுலயே கொண்டு வந்திருந்தா எவ்வளவோ செஞ்சிருக்கலாம்."

ஆத்திரத்தில் மேஜை இழுப்பறையைப் படாரென்று சாத்தினாள். நர்ஸ் திடுக்கிட்டாள், பையன் துள்ளிவிட்டான். தரையில் உட்கார்ந்திருந்த அவனுடைய ஒன்றரை வயதுத் தங்கை டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டேயிருந்தாள்.

பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுத டாக்டர் பேனாவை எடுத்தாள்.

"அம்மா, ஊசி எடுக்கறாங்க. வா, ஓடிடலாம்," என்றான் பேசத் தெரியாத பிள்ளை, அதற்குள் கதவருகே போய் நின்றுகொண்டு.

அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது. இவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளை அவள் மண்ணுக்குக் கொடுத்திருந்தாள். அதனால்தான் இவனுக்குப் பிச்சைக்காரன் என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்து, முகத்தில் கரி பூசி, கேட்டவர்களிடமெல்லாம் மட்டம் தட்டி வந்தாள். வெளியே அத்தனை பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, மகன் கெட்டிக்காரன் என்று எந்தத் தாய் சொல்வாள்? கண் பட்டுவிடாதா?

டாக்டருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இப்படிப் பொய் சொன்னால் எந்தப் பிள்ளைக்கு என்ன குறையென்று எப்படித் தெரிந்துகொள்வது? பதிவேட்டில் எழுதிக்கொண்டே, சின்னவள் எப்படி என்று வேண்டாவெறுப்பாகக் கேட்டு வைத்தாள்.

தாயின் முகம் மலர்ந்தது. "அவளா? தங்கம். வச்ச இடத்துல இருப்பா. எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா, அவ்வளவு சாது."

டாக்டரின் பேனா நின்றது. சுழலும் மூடியையே பார்த்தாள்.

"இதுவும் கண்ணுக்குப் பயந்து சொல்ற பொய்தானே, உம்மு ஷஹ்ஹாத்?" குரல் கெஞ்சியது. "பொய்னு சொல்லுங்க."

"பொம்பளைப் பிள்ளை மேல யார் கண்ணு படப் போகுது, டாக்டரம்மா? இது நிஜம்தான்."