மகள் அழித்த படம்

"என் படத்தை அழிச்சிட்டியா?"

வாசல் கதவைத் தள்ளிய வேகத்திலேயே அவர் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளின் கை தட்டிலேயே நின்றது. "எந்தப் படம்ப்பா?"

"எந்தப் படமா? ஃபாக்டரி வாசல்ல பீப்பாய் மேல நின்னு நான் பேசற படம். ரெண்டு வருஷமா உன் இணையப் பக்கத்துல இருந்துச்சே! டீக்கடையில புதுசா வந்தவருக்குக் காட்டலாம்னு தேடறேன், தேடறேன், காணோம்."

"அழிச்சிட்டேன்."

"ஏன்?"

மகள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"நான் வேலைக்குப் போட்டிருக்கறது ஃபைனான்ஸ் கம்பெனிப்பா. ஆள் எடுக்கறதுக்கு முன்னாடி நம்ம பக்கத்தையெல்லாம் துருவித் துருவிப் பார்ப்பாங்க. கொடி, கோஷம்னு இருந்தா யோசிப்பாங்க."

அவ்வளவுதான். டயர் ஃபாக்டரியில் முப்பது வருஷம் உழைத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே 'கேட் மீட்டிங்'. குழம்பில் உப்புக் குறைந்தால்கூட மூன்று அம்சக் கோரிக்கையாகத்தான் வைப்பார்.

"நாப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம்! வீட்டுல அடுப்பு எரியலை. ஒருத்தன் கால்லயும் விழலை நான். அந்த அப்பன் மூஞ்சி உன் சம்பளத்துக்கு இடைஞ்சலாப் போச்சா?"

"மெதுவாப் பேசுங்க. மைக் இல்லாமலே தெருக்கோடி வரைக்கும் கேக்குது" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"கேக்கட்டும்! முதலாளி குனின்னு சொல்லவே இல்லை, அதுக்குள்ள இவ தவழ ஆரம்பிச்சிட்டா. எனக்குப் போய் இப்படி ஒரு கோழை!"

மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஆமாப்பா. கோழைதான்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எதிர்த்துப் பேசியிருந்தால் அவருக்கு ஆறியிருக்கும். ஒப்புக்கொண்டதுதான் பொறுக்கவில்லை. அடுத்த பஸ்ஸைப் பிடித்து அந்தக் கம்பெனிக்கே போய்விட்டார்.

"வேலைக்கு ஆள் எடுக்கற அதிகாரியைப் பார்க்கணும்."

வரவேற்பில் இருந்த பெண் கேட்டாள்: "அப்பாயின்ட்மென்ட் இருக்கா சார்?"

"எந்த முதலாளியையும் நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் பார்த்ததில்லைம்மா."

அங்கேயே தொடங்கிவிட்டார். "பெத்த அப்பன் படத்தை அழிக்கச் சொல்ல நீங்க யாரு?" என்று அவர் கேட்டது மூன்றாவது மாடி வரை கேட்டது. அந்த மாடியிலிருந்தே ஓர் அதிகாரி இறங்கி வந்தாள். மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். பணிவாகப் பேசி, ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

"சார், நாங்க எதையுமே அழிக்கச் சொல்லலை. அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிட்டோம். 'அப்பா தைரியசாலி போல'ன்னு எங்க மேனேஜர்கூடச் சொன்னார். நேத்து இன்டர்வியூ நல்லா முடிஞ்சுது. இன்னைக்கு ஆர்டர் போயிடும்."

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கோபம் இன்னும் ஏறியது.

"அப்புறம் எதுக்கு அழிச்சா?"

அதிகாரி தயங்கினாள். பிறகு மகளின் ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள்.

"இது நேத்துக் காலையில அவங்க பக்கத்துலேர்ந்து எடுத்த பிரிண்ட். படத்துக்குக் கீழே ஒருத்தர் ஏதோ போட்டிருந்தார். அதைப் பத்தி மட்டும் கேட்டோம். கேக்காம விட முடியாது சார், எங்க வேலை அப்படி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

மேலே படம். பீப்பாய், கூட்டம், உயர்த்திய கை. கீழே, முன்பின் தெரியாத யாரோ ஒருவன் போட்டிருந்த பழைய கடிதத்தின் நகல்.

'பிறர் பேச்சைக் கேட்டு வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட என் பிழையை நிர்வாகம் மன்னித்து, மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். தூண்டியவர்கள் பெயர்களைக் கீழே தருகிறேன்.'

ஏழு பெயர்கள். அடியில் அவருடைய கையெழுத்து.

அதைப் போட்டவன் கூடவே எழுதியிருந்தான்: 'மூணாவது பேர் எங்கப்பா. சாகறவரைக்கும் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கலை.'

அந்த மூன்றாவது பெயருக்காரரின் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் இவர்தான்.

அதிகாரி தொடர்ந்தாள்.

"இது யாரோ போலியாத் தயாரிச்சது, எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்லைன்னாங்க. அவர் கண்ணுல பட்டா உடைஞ்சு போயிடுவார்னு சொல்லி, எங்க முன்னாடியே படத்தோட எல்லாத்தையும் அழிச்சாங்க."

பன்னிரண்டு வருஷம் பள்ளி ரேங்க் கார்டில் அந்தக் கையெழுத்தைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்குத் தெரியாதா?

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அதிகாரி தாளைப் பத்திரமாக வாங்கி ஃபைலில் வைத்து, பேனாவைத் திறந்தாள்.

"உங்க மக வார்த்தையை நம்பித்தான் சார் இந்த வேலையே குடுக்கறோம். நல்லவேளை, நீங்களே நேர்ல வந்துட்டீங்க. சொல்லுங்க, இது போலிதானே?"