தலைக்கு ஓர் அடி

"சக்கர நாற்காலியில உக்காந்திருக்கிற மனுஷனைப் போயாடா அடிச்சே?"

லியோனோர் போட்ட சத்தத்தில், பக்கத்துக் கடையில் மத்தி மீன் சுட்டுக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் தம்பி ஜசிந்துவோ கையில் பிளாஸ்டிக் சுத்தியலோடு இளித்துக்கொண்டு நின்றான். ஓர் அடி அல்ல, மூன்று அடி. அந்தப் பெரியவரின் வழுக்கைத் தலையில் 'கீச், கீச், கீச்' என்று போட்டிருந்தான்.

புனித யோவான் திருவிழாவன்று போர்ட்டோ நகரத்தில் அடிப்பது ஒன்றும் குற்றமில்லைதான். ஊரே தெருவில் இறங்கி, முன்பின் தெரியாதவர் தலையிலெல்லாம் கீச்சுச் சுத்தியலால் செல்லமாக ஒரு தட்டு தட்டும். வாங்கியவர் சிரித்துக்கொண்டே திருப்பித் தட்டுவார். 'வருஷம் நல்லபடியாப் போகட்டும்' என்று அதற்கு அர்த்தம்.

இதற்காகவே லியோனோர், கணவன் அமதேவு, தம்பி ஜசிந்து மூவரும் மலையோரத்து பிரகான்சாவிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வந்திருந்தார்கள். லியோனோருக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஆற்றுப் பாலத்தின் மேல்தட்டில் நின்று, கீழே ஓடும் படகுகளுக்கெல்லாம் கையாட்டினாள். சுட்ட மத்தியை ரொட்டித் துண்டின் மேல் வைத்துக் கையாலேயே பிய்த்துத் தின்றாள். கடைசியில், மீன் எண்ணெய் ஊறிய அந்த ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டு, "இதுக்காகவே அடுத்த வருஷமும் வரணும்ங்க" என்றாள். ஒரு போலீஸ்காரர் தலையில் தட்டிவிட்டு ஓடி, அவர் துரத்தி வந்து தட்டியதையும் வாங்கிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜசிந்துவைக் கூட்டி வந்ததுதான் தப்பு. இங்கிதம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ஜென்மம். திருவிழாவுக்கென்று விற்கும் திருநீற்றுப்பச்சைத் தொட்டியில் நேராக மூக்கையே நுழைத்தான்.

"டேய், செடியைக் கையால தடவிட்டுக் கையை மோந்து பாருடா. மூக்கை வெச்சா செடி வாடிடும்!"

"என் மூக்குக்கு அவ்வளவு சக்தியா, அக்கா?"

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இது?

அந்த நாற்காலி அருகே வந்ததும் அத்தனை கூட்டமும் சுத்தியலை இறக்கிக்கொண்டு பதவிசாக ஒதுங்கிப் போயிற்று. லியோனோரும், "மன்னிக்கணும் ஐயா" என்று சொல்லி ஒதுங்கித்தான் போனாள். பின்னால் வந்த இந்த மடையன்தான் கை நீட்டிவிட்டான்.

"நீங்களாவது இவனுக்குச் சொல்லக்கூடாதாங்க?" என்று கணவனிடம் பாய்ந்தாள்.

"என்னை இழுக்காதே. வாயில முள்ளு இருக்கு" என்றான் அமதேவு.

பெரியவர் தலையைக் கவிழ்த்திருந்தார். தோள் குலுங்கியது.

"பாவி, அழறார்டா!"

லியோனோருக்கு உயிரே போய்விட்டது. சட்டென்று அவர் முன்னால் மண்டியிட்டாள்.

"ஐயா, மன்னிச்சிடுங்க. இவனுக்கு மூளைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது."

அதற்குள், இரண்டு கையிலும் மத்தித் தட்டோடு ஓர் அம்மாள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"யாரு? என் வீட்டுக்காரரை அடிச்சது யாரு?"

போச்சு. திருவிழாவுக்கு வந்த இடத்தில் போலீஸ் ஸ்டேஷன்தான் என்று நினைத்தாள் லியோனோர்.

"என் தம்பிதாங்க. தெரியாம பண்ணிட்டான். பெரிசு பண்ணாதீங்கம்மா."

அந்த அம்மாள் இரண்டு தட்டையும் அமதேவு கையில் திணித்தாள். ஜசிந்துவின் முகத்தை இழுத்துப் பிடித்தாள். இரண்டு கன்னத்திலும் இச் இச்சென்று முத்தம் கொடுத்தாள்!

"நீ நல்லாயிருக்கணும், ராஜா!"

ஜசிந்துவுக்கே ஒன்றும் புரியவில்லை.

"இவர் ஆடாத ஆட்டமா இந்தத் திருவிழாவுல! கால் விளங்காமப் போனதிலேருந்து ஒருத்தர் தட்டணுமே? என் தலையில போறவங்க வர்றவங்க எல்லாம் தட்டறாங்க. இவர்கிட்ட வந்தா மட்டும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு நகர்ந்துடறாங்க. 'நான் என்ன செத்தா போயிட்டேன், அல்ஸீரா? வீட்டுக்குத் தள்ளிட்டுப் போ. இனிமே இந்தத் திருவிழாவே எனக்கு வேணாம்'னு இப்பத்தான் சொன்னார். ரெண்டு மீனாவது தின்னுட்டுப் போகலாம்னு நான் தட்டு வாங்கப் போனேன்."

பெரியவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது வாஸ்தவம்தான். ஆனால் மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார். மடிப் போர்வைக்குள்ளிருந்து ஒரு புதுச் சுத்தியலை உருவினார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதைப் பல்லால் கிழித்தெறிந்தார்.

"குனிடா, பயலே!"

ஜசிந்து குனிந்தான். வாங்கியதற்கு வட்டியும் முதலுமாகக் கொடுத்தார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு சின்னப் பெண் துணிந்து வந்து அவர் தலையில் தட்டினாள். அவள் அப்பா தட்டினார். சற்று முன்பு ஒதுங்கிப் போனவர்களெல்லாம் இப்போது சுத்தியலைத் தூக்கிக்கொண்டு முண்டியடித்தார்கள்.

லியோனோர் மட்டும் மண்டியிட்ட இடத்திலேயே, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தாள்.

"மறுபடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன், ஐயா" என்றாள்.

"அவன் அடிச்சதுக்கு ஏன் கேக்கறே, தங்கச்சி? நீ அடிக்காமப் போனியே, அதுக்குக் கேளு" என்று தலையைக் குனிந்து காட்டினார் பெரியவர்.