நாலு விரல் இடைவெளி

முழங்கை வரை கையைக் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, கொழுந்தனின் பச்சைப் பவளத்தைப் பாறையிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தேன்.

"நாலு விரல் தள்ளித்தானே வெச்சேன் அண்ணி. அது எட்டாது அண்ணி."

எட்டாதாம்.

நகத்தளவு துண்டாக வாங்கி, கண்ணுக்குக் கண்ணாக வளர்த்த என் ஆரஞ்சுப் பவளம், ஒரு பக்கம் முழுக்கச் சதை கரைந்து வெள்ளை எலும்பாக நிற்கிறது. பவளம் பார்க்கத்தான் பூ மாதிரி. விளக்கு அணைந்ததும் நூல் நூலாகக் கொடுக்கை நீட்டி, பக்கத்தில் இருப்பதைக் கொட்டிக் கொன்றுவிடும்.

பெயர்த்த பச்சையை அவன் கையில் திணித்தேன்.

"தங்க இடம் குடுத்தா என் பொருளையே அழிப்பியா? அதைத் தூக்கிட்டு நீயும் கிளம்பு!"

வேலை போன பிறகு எங்கள் முன்னறையில் படுத்துக்கொள்கிறவன். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கக் கோபம் விடவில்லை.

கணவர் கதவோரம் நின்றிருந்தார். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

அவன் ஒரு டப்பாவில் தொட்டித் தண்ணீரை மொண்டு, பச்சையை அதில் போட்டுக்கொண்டான். பையை எடுத்தான். வாசல் கதவைச் சத்தமே இல்லாமல் சாத்திவிட்டுப் போனான்.

அடிபட்ட பவளத்துக்கு வெளிச்சம் ஆகாது. தொட்டி விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆத்திரம் அடங்குவதாக இல்லை.

கொஞ்ச நேரத்தில் அரையிருட்டில் ஒரு நூல் நீண்டது. பின்னாலேயே இன்னொன்று. தடவித் தடவி வந்து ஆரஞ்சின் புண்ணைத் தொட்டது.

இடப்பக்கத்திலிருந்து.

பச்சை இருந்தது வலப்பக்கம். புண் இருப்பது இடப்பக்கம். கோபத்தில் அதுகூட என் கண்ணில் படவில்லை.

இடப்பக்கம் நிற்பது கணவரின் பழுப்புப் பவளம். தொட்டியின் மறுகோடியில் இருக்க வேண்டியது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பாறை முழுக்க ஊதாப் பாசி படிந்திருக்க, பழுப்பைப் பாறையோடு ஒட்டிய பசை மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஒட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

அது எவ்வளவு தூரம் எட்டும் என்று அவருக்குத் தெரியும். என் வாயும் தெரியும்.

இவன் எப்போது கிளம்புவான் என்று தினமும் என்னிடம்தான் முணுமுணுப்பார். தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்க மட்டும் அவருக்கு வாய் வராது.

எழுந்து முன்னறைக்குப் போனேன். அவர் தம்பியின் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.