பன்னிரண்டு பேருக்கு அனுப்பவும்

"இனிமேல் நீ இந்தக் கொம்பியூட்டரைத் தொடக்கூடாது, பிறின்ஸ்!"

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைகிற நேரம். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார் யாக்கோபு. இத்தாலியின் பலேர்மோ பங்குத் தமிழ்ச் சபையின் தலைவர் அல்லவா, மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை.

இன்டர்நெட் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்திருந்தது. சபை மண்டபத்துக் கம்ப்யூட்டரிலிருந்து தினமும் ஆயிரக்கணக்கில் ஆபாச விளம்பர மெயில் போகிறதாம்.

"மன்னாரிலை இருக்கிற என்ரை மனுசியோடை கதைக்கிறதுக்கு மட்டும்தான் அண்ணை நான் வாறனான்."

"கதைக்கிறியோ, வேறை என்னத்தைப் பாக்கிறியோ, ஆர் கண்டது?"

பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறின்ஸ் தன் வீட்டுப் பக்கம் போகும் பிரான்காச்சோ பஸ்ஸைப் பிடிக்க நடந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு, இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தமிழ்நாட்டுப் பெண் வித்யாலட்சுமி வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பங்குச் சுவாமியார்தான் அனுப்பியிருப்பார் என்று யாக்கோபு நினைத்துக்கொண்டார்.

"நாம யாரும் எதையும் தொடல. ஆனா மோடம் லைட் நிக்காம மின்னுது பாருங்க அங்கிள். எங்கேயோ உக்காந்து வேற யாரோ இதை ஓட்டிட்டிருக்காங்க."

வயரைப் பிடுங்கினாள். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாதான் போடணும்."

"கண்ட கண்ட படம் பாத்து வந்த வினைதானே, பிள்ளை?"

"இல்லையே. மெயில்ல வந்த மாதா படத்துல ஒளிஞ்சிருந்த வைரஸால வந்தது. பன்னிரண்டு பேருக்கு அனுப்பினா நல்ல செய்தி வரும்னு அடியில எழுதியிருக்கு. அப்படி அனுப்பியிருந்தா அவங்க கம்ப்யூட்டருக்கும் இதே கதிதான்."

யாக்கோபுவுக்கு வியர்த்துவிட்டது. சிலுவை போட்டுக்கொண்டு அந்தப் படத்தைத் திறந்தவர் அவர்தான். எண்ணிப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியவரும் அவர்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"ஆர் திறந்ததெண்டு... கண்டுபிடிக்கலாமோ?"

"ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அதை மட்டும் பாக்க வேணாம்னு என்னைக் கூப்பிட்டவர் கேட்டுக்கிட்டார்."

"ஆர், சுவாமியோ?"

"இல்ல அங்கிள், பிறின்ஸ்னு ஒருத்தர். 'திறக்கும்போது நான் பின்னாலதான் நின்னேன். பாவம், பக்தியில திறந்துட்டார். பேர் வெளியில வந்தா சபையில அவர் மானம் போயிடும்'னு சொன்னார்."