விமானத்தில் ஏறிய அரிசி

"அந்த அரிசி மூட்டையை எறக்குங்க" என்றான் ஞானரத்தினம்.

சிவனாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே, என் தங்கச்சி மதுரை ஆஸ்பத்திரியில எத்தனை நாள் கெடப்பாளோ. அவளுக்கு யாரு பொங்கிப் போடுவா? உங்கப்பனா?"

தங்கச்சி நாச்சியார் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தாள். புருஷன் கொழும்பில். பிள்ளையின் தொண்டையில் புளியங்கொட்டை சிக்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மழையில் மதுரை ரோட்டுப் பாலம் அடித்துப் போய்விட்டது. கார், வண்டி எதுவும் போகாது. நல்ல வேளை, திருவிழாவுக்கு ஜனங்களை ஏற்றிச் சுற்றிக் காட்ட வந்த சின்ன விமானம் ஒன்று செட்டியார்பட்டி மேய்ச்சல் தரையில் நின்றது.

அதை ஓட்டுகிறவன்தான் இந்த ஞானரத்தினம். நம்ம பக்கத்து ஆள்தான், மதராஸில் படித்தவன். படித்து என்ன, ஈவு இரக்கம் வேண்டாமா?

முதலில் சிவனாண்டியையே இறக்கிவிட்டான். தாய்மாமன் கூடப் போகாமல் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா? பொறவு பானை, பாய், விறகு எல்லாம் சேற்றில் வந்து விழுந்தன. இப்போது அரிசி.

"அண்ணாச்சி, புல்லு நனைஞ்சு கெடக்கு. சக்கரத்தைப் பிடிச்சு இழுக்கும். கனம் கூடினா வேகம் வராது. அந்தப் பனைமரத்துல போய்த்தான் முட்டும்."

"பத்துப் படி அரிசியிலயா முட்டிரும்? அரிசி எறங்கினா அவளும் எறங்குவா. ஏட்டி நாச்சியா, எறங்கு."

அண்ணன் பேச்சைத் தட்டாதவள், எழுந்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஞானரத்தினம் பிள்ளையைப் பார்த்தான். "உக்காருங்கம்மா. அரிசி இருக்கட்டும்."

அப்படி வா வழிக்கு, என்றோம் சுற்றி நின்ற ஊர்க்காரர் நாங்கள்.

அவன் தன் இடத்தில் குனிந்து எதையோ அவிழ்த்தான். வார் வைத்த கான்வாஸ் மூட்டை ஒன்றை எடுத்துக் கீழே வைத்தான். "இதைச் செத்த பத்திரமாப் பாத்துக்கங்க."

விமானம் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடியது. ஓடுது, ஓடுது, எழும்பக் காணோம். நாங்கள் பனைமரத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் ஓடினோம். கடைசியில் ஒருவழியாக எழும்பி, பனையோலையை உரசாத குறையாகத் தாண்டிப் போனது.

உயிர் திரும்பியதும் சிவனாண்டிக்குக் கோபமும் திரும்பியது.

"பாத்தியளா நியாயத்தை? நம்ம பானை சேத்துல கெடக்கு. அவன் சாமானுக்கு நான் காவலாம்." மூட்டையை எட்டி ஒரு உதை விட்டான். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மூட்டை பிரிந்து வெள்ளைப் பட்டுத்துணி சரிந்தது.

"பட்டு வேற. எவளுக்குக் கொண்டு போறானோ" என்றான்.

பட்டாளத்தில் விமான மைதானக் காவலில் இருந்த பொன்னுராஜ் ஓடிவந்து அவனைப் பிடித்து இழுத்தான்.

"மிதிக்காதிய மச்சான். வானத்துல வண்டி கெட்டுப்போனா, ஓட்டுறவரு இதை முதுகுல கட்டிக்கிட்டுக் குதிச்சாத்தான் பொழைக்க முடியும். உங்க அரிசி ஏறணும்னு அவிய இதை எறக்கி வச்சிட்டுப் போயிட்டாவ."